மூட்டைப்பூச்சி: ஆவியும் மருந்தும் சேர்த்துச் செய்யும்போது எதை முதலில் செய்ய வேண்டும்?

செல்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் பின்புறத் தனிக்கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறோம். நான், என் கணவர், எட்டு மாதக் குழந்தை, ஆஸ்துமா உள்ள என் மாமியார். இரண்டு அறைகள், ஒரு சமையலறை. குளிர்காலத்தில் பழைய சாமான் கடை ஒன்றில் பஞ்சு வைத்துத் தைத்த தலைப்பலகையோடு ஒரு மரக்கட்டில் வாங்கினோம். அதற்குப் பிறகு குழந்தையின் கழுத்தில் வரிசையாகத் தடிப்புகள் வந்தன. கொசு என்றே நினைத்து வலை கட்டினோம். ஒருநாள் மெத்தையின் ஓரத் தையலை விரித்துப் பார்த்தால் மை தெளித்ததுபோலக் கறுப்புப் புள்ளிகள், உரிந்த தோல்கள், ஓடி ஒளியும் மூட்டைப்பூச்சிகள்.

வீட்டுக்காரரிடம் சொன்னோம். அவர் ஓர் ஆளை அனுப்பினார். வந்தவர் அறை நடுவில் புகை டப்பா ஒன்றைத் திறந்து வைத்துக் கதவைச் சாத்தினார், மாலையில் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். என்ன மருந்து என்று கேட்டதற்கு "எல்லாம் செத்துவிடும்" என்பதுதான் பதில். செத்தவை சில. ஆனால் அடுத்த வாரமே மாமியார் அறையிலும் கடி தொடங்கிவிட்டது. இதுவரை அந்த அறையில் ஒன்றுகூட இருந்ததில்லை.

இப்போது நாங்களே செய்யலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். தரை துடைக்கும் ஆவிக் கருவி ஒன்றை என் தோழி தருவதாகச் சொல்லியிருக்கிறாள். சூடு மட்டும் போதாது, மருந்து மட்டும் போதாது, இரண்டும் வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. கணவர், இரண்டு ஹீட்டரைப் போட்டு அறையைப் பூட்டிவிட்டால் போதாதா என்கிறார். தைப்பூசக் காவடிக்கு ஸ்டாங்கரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்து எங்கள் வீட்டில்தான் தங்கும், தரையில் பாய் விரித்துத்தான் படுப்பார்கள். அதற்குள் வீட்டைச் சுத்தமாக்க வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

குமார் (ஃபீனிக்ஸ்) எழுதியது:

அக்கா, எங்கள் ஆயா காலத்தில் கட்டிலைத் தூக்கி வெயிலில் போட்டு, மூட்டுகளில் பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஊற்றி, மேலே கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவார்கள். அதோடு சரி. மெத்தையைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி ஜனவரி வெயிலில் போட்டாலும் வெந்துவிடும். செலவே இல்லை.

தங்கவேலு (மெர்பேங்க்) எழுதியது:

மகளே செல்வி, நான் நகராட்சிச் சுகாதாரப் பிரிவில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் இந்தப் பூச்சியை எல்லாவிதமான வீடுகளிலும் பார்த்திருக்கிறேன், வசதியான வீடுகளிலும்தான். ஆகவே முதலில் ஒன்று: இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அழுக்கைத் தேடி வரும் பூச்சி அல்ல இது, மனித ரத்தத்தையும் மூச்சையும் உடல் சூட்டையும் தேடி வருவது. நோய் எதையும் பரப்புவதாகவும் நிரூபணம் இல்லை. அரிப்பும் தூக்கக் கேடும்தான் துன்பம், அதுவே போதுமான துன்பம்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ஆவி எட்டாத பொந்துகளில் உலர்ந்த பூச்சிக்கொல்லிப் பொடி முதலில். அடுத்து சூடு. எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு தெளிக்கும் மருந்து. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

காரணம் இதுதான். சூடு முட்டை, குஞ்சு, தாய்ப்பூச்சி எல்லாவற்றையும் கொல்லும், ஆனால் ஆறிய பிறகு அந்த இடத்தில் ஒன்றும் மிஞ்சாது. மறுநாள் சுவர் விரிசலிலிருந்து வரும் பூச்சி அங்கேயே வந்து உட்காரும். மருந்து அப்படி அல்ல, வாரக்கணக்கில் படிந்திருக்கும். ஆனால் பெரும்பாலான மருந்துகள் முட்டையைக் கொல்லாது. ஒன்றின் குறையை மற்றது நிரப்புவதால்தான் இரண்டும் வேண்டும் என்கிறார்கள். மருந்தை முதலில் தெளித்து அதன்மேல் ஆவி பிடித்தால், படிந்த மருந்து கழுவப்பட்டுப் போகும், கொஞ்சம் ஆவியோடு கலந்து உங்கள் மாமியாரின் நெஞ்சுக்குள் போகும். பொடி நனைந்தாலும் கட்டிப்பட்டுப் பயனற்றுப் போகும். அதனால்தான் பொடியைச் சுவருக்குள், சுவரின் அடியோரம் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகைக்குப் பின்னால், மின்சார பிளக் மூடிக்குள் என்று ஆவி போகாத இடங்களில் மட்டும் வைக்கச் சொல்கிறேன். சூடு பட்டதும் தப்பி ஓடும் பூச்சிகள் அந்தப் பொந்துகளுக்குத்தான் ஓடும், அங்கே பொடி காத்திருக்க வேண்டும். பிளக் மூடியைக் கழற்றும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஆவிக் கருவியை அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

புகை டப்பாவுக்குப் பிறகு மாமியார் அறைக்குப் பூச்சி பரவியதற்கும் காரணம் இருக்கிறது. அந்தப் புகை மேசை, தரை, விரிப்பு என்று திறந்த இடங்களில் படியும். பூச்சி இருப்பதோ திருகாணித் துளையிலும் தையல் மடிப்பிலும். அங்கே அது போதுமான அளவு போய்ச் சேராது. எரிச்சலுற்ற பூச்சி இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அதைச் செய்த ஆள் தன் மருந்தின் பெயரைச் சொல்ல மறுத்தது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. குழந்தை உறங்கும் அறையில் எதை வைக்கிறோம் என்று சொல்வது அவருடைய கடமை.

மருந்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் மாகாணத்துக்கு இதில் தனி வரலாறு உண்டு. மலேரியாவைத் தடுக்கக் குவாசுலு-நட்டாலின் வடக்குப் பகுதியில் வீட்டுச் சுவர்களில் நெடுங்காலம் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். அது கொசுவைத் தடுத்தது. மூட்டைப்பூச்சியை மட்டும் கொல்லாமல் கிளப்பிவிட்டது. கடி அதிகமானதால் மக்கள் தெளிப்பாளர்களை உள்ளே விட மறுத்தார்கள், தெளித்த சுவரின்மேல் மறுபடி மண் பூசினார்கள். ஹவாயில் பேர்ல் ஹார்பர் கடற்படைக் குடியிருப்பில் 1947-இலேயே டிடிடிக்குச் சாகாத மூட்டைப்பூச்சிகளைக் கண்டிருந்தார்கள். இன்று கடையில் கிடைக்கும் ஸ்பிரேக்களில் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகை: டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், பெர்மெத்ரின். டிடிடியும் இவையும் பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத் தாக்குபவை. ஒன்றைத் தாங்கப் பழகிய இனம் பெரும்பாலும் மற்றதையும் தாங்கும். எனவே பைரித்ராய்டு மட்டும் உள்ள டப்பாவை எத்தனை முறை அடித்தாலும் ஏமாற்றமே மிஞ்சக்கூடும். இமிடாகுளோப்ரிட் போன்ற வேறு வகை மருந்தும் சேர்ந்த கலவையாகப் பாருங்கள். லேபிளில் மூட்டைப்பூச்சி என்று தெளிவாக இருக்க வேண்டும். பூச்சிமருந்துகளைப் பதிவு செய்யும் 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டத்தின்கீழ்ப் பதிவானது என்ற குறிப்பும் 'எல்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள். தெளிக்க வேண்டிய இடம் கட்டில் மூட்டுகள், பலகை விளிம்புகள், ஸ்கர்ட்டிங். படுக்கும் மெத்தைப் பரப்பில் வேண்டாம். குழந்தையின் தொட்டில், மெத்தை, துணி எதற்கும் மருந்தே வேண்டாம், சூடு மட்டும் போதும்.

பொடி என்றதும் நீச்சல்குளக் கடையில் டயட்டம் மண் (நுண்பாசி ஓடுகளால் ஆன பொடி) மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். குளத்து வடிகட்டிக்கான மண் சுட்டுத் தயாரித்தது, அதில் உள்ள படிக சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும், பூச்சியையும் சரியாகக் கொல்லாது. பூச்சிக்கெனப் பதிவான பொடி தனி. அதிலும் டர்பனின் ஈரக்காற்றில் டயட்டம் மண் மெதுவாகத்தான் வேலை செய்யும். படிகமற்ற சிலிக்காப் பொடி கிடைத்தால் அதுவே மேல். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு போதும். குவித்தால் பூச்சி சுற்றிக்கொண்டு போகும், மாமியாருக்கு மூச்சு முட்டும். பொடி வைக்கும் அன்று அவரும் குழந்தையும் முன்பக்கத்துப் பெரிய வீட்டில் இருக்கட்டும், நீங்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஆவி. தாய்ப்பூச்சி 45 பாகை செல்சியஸில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சாகும். அதே சூட்டில் முட்டை சாக ஏழு மணி நேரம் ஆகும். 48 பாகையில் முட்டைக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 55 பாகையைத் தொட்டால் எதுவும் உடனே முடிந்துவிடும். ஆவி முனை கடந்து போன உடனே அந்த இடம் 70 முதல் 80 பாகை இருக்க வேண்டும். தொடாமல் வெப்பம் அளக்கும் கருவி கிடைத்தால் அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் கோலத்துக்கு இழை இழுக்கும் நிதானத்தில் கையை நகர்த்துங்கள், ஓர் அடிக்குப் பத்து வினாடிக்குக் குறையக் கூடாது. அகன்ற முனையைப் போட்டு அதன்மேல் ஒரு துணியைக் கட்டுங்கள், குறுகிய முனையின் வேகம் பூச்சியையும் முட்டையையும் ஊதித் தள்ளிவிடும். தையல், பைப்பிங், பிடி, அடியில் அடித்த துணி, கட்டில் சட்டத்தின் ஒவ்வொரு திருகாணித் துளை, எதையும் விடாதீர்கள். முட்டை ஒரு மில்லிமீட்டர்தான், வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் தலைப்பலகை பஞ்சு வைத்தது என்கிறீர்கள். ஆவி பஞ்சின் உள்ளே ஆழமாகப் போகாது. பின்துணியைப் பிரித்துப் பாருங்கள், கூடு அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். நிறைய இருந்தால் அந்தப் பலகையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி ஒட்டி, வேறு யாரும் எடுத்துப் போகாதபடி உடைத்து எறிந்துவிடுங்கள். கட்டிலை வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கணவருக்கு: ஹீட்டர் யோசனை வேண்டவே வேண்டாம். தொழில்முறையில் செய்பவர்கள் பெரிய வெப்பக் கருவிகளும் விசிறிகளும் வைத்து, பல இடங்களில் வெப்பமானி செருகி, அறையின் ஒவ்வொரு மூலையையும் 50 பாகைக்கு மேல் மணிக்கணக்கில் நிறுத்துவார்கள். நம் வீட்டு பிளக் 16 ஆம்பியருக்கானது. இரண்டு ஹீட்டரால் அறை நடு சூடாகும், சுவர் ஓரம் வெதுவெதுப்போடு நிற்கும், பூச்சி அந்த ஓரத்துக்குப் போகும். ஆளில்லாத அறையில் மெத்தைக்கு அருகில் எரியும் ஹீட்டரால் வீடே போகும். இப்படிச் செய்து வீட்டை எரித்துக்கொண்டவர்கள் பல நாடுகளில் உண்டு.

குமார் தம்பி, ஆயா காலத்து முறையில் கொதிநீர் சரியானதே, இரும்புக் கட்டிலுக்கு இன்றும் சொல்வேன். பாரஃபின் மட்டும் கூடாது. சூடான எதுவும் அருகில் இருக்கும்போது அது நெருப்பு. கறுப்புப் பையில் வெயிலில் போட்ட மெத்தையின் மேல்பக்கம் கொதிக்கும், அடிப்பக்கம் அவ்வளவு சூடாகாது. பூச்சி கீழே இறங்கிவிடும்.

முதல் சுற்று முடிந்ததும் வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள். டர்பன் கோடையில் தப்பிய முட்டை ஆறு முதல் பத்து நாளில் பொரியும். குஞ்சு ஐந்து முறை தோலுரித்துத்தான் பெரிதாகும், ஒவ்வொரு முறைக்கும் ரத்தம் குடித்தாக வேண்டும். எனவே இரண்டு வாரம் கழித்து ஆவியும், லேபிள் அனுமதித்தால் மருந்தும், மறுபடியும். இதற்கிடையில் யாரும் அறை மாறிப் படுக்கக் கூடாது. நீங்கள் போகும் அறைக்கு அதுவும் வரும். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, நான்கு கால்களுக்கும் வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணம் வையுங்கள். நம் மாகாணத்தில் குளிர்நாட்டு இனமும் வெப்பநாட்டு இனமும் இரண்டுமே உண்டு. வெப்பநாட்டு இனம் வழவழப்பான சுவரிலும் ஏறக்கூடியது. அதனால் கிண்ணத்தின் உட்புறம் முகப்பவுடரை மெல்லப் பூசி, தூசி படியும்போது துடைத்துத் திரும்பப் பூசுங்கள். கிண்ணத்தில் என்ன விழுகிறது என்பதுதான் உங்களுக்கு உண்மையைச் சொல்லும் சாட்சி. மெத்தைக்கு ஜிப் வைத்த முழு உறை போட்டால் ஓர் ஆண்டுக்குக் கழற்றாதீர்கள், உள்ளே இருப்பவை மாதக்கணக்கில் பட்டினி கிடந்து உயிரோடிருக்கும்.

கமலா (லெனேசியா, ஜோகனஸ்பர்க்) எழுதியது:

தங்கவேலு ஐயா சொன்ன பதிவு எண் விஷயத்தை நான் இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நான் செவிலியர். ரோட்டோரத்தில், டாக்சி நிலையத்தில், பெயரில்லாத பாட்டிலிலும் சிறு பொட்டலத்திலும் விற்கும் மருந்து எலிக்கும் மூட்டைப்பூச்சிக்கும் உடனே வேலை செய்யும் என்று சொல்லி விற்கிறார்கள். 2024 அக்டோபரில் சொவெட்டோவின் நலேடி பகுதியில் ஆறு குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் உடலில் கண்டுபிடிக்கப்பட்டது டெர்பூஃபாஸ், வயலுக்கான நஞ்சு, வீட்டுக்குள் வரவே கூடாதது. தவழத் தொடங்கும் வயதுக் குழந்தை வீட்டில் இருக்கிறது, செல்வி. அது தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். யார் இலவசமாகக் கொடுத்தாலும் அந்தப் பொட்டலத்தை வாசலுக்குள் விடாதீர்கள். ஏதாவது சந்தேகம் வந்தால் நஞ்சுத் தகவல் உதவி எண் 0861 555 777 நாள் முழுவதும் கிடைக்கும்.

துணிகளுக்கு என் வழி: படுக்கை விரிப்பு, குழந்தைத் துணி எல்லாவற்றையும் அறையிலேயே பையில் போட்டுக் கட்டி வெளியே எடுங்கள். 60 பாகை வெந்நீரில் துவையுங்கள். வீட்டில் உலர்த்தும் இயந்திரம் இல்லையென்றால் சலவைக் கடையில், காய்ந்த பின்னும் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட விடுங்கள். கொல்வது சோப்பு அல்ல, சூடுதான். குழந்தையின் தடிப்புகளுக்குக் குளிர்ந்த துணி ஒற்றி எடுத்தால் அரிப்பு தணியும், நகத்தை வெட்டி வையுங்கள். தடிப்பு சிவந்து சூடாகிச் சீழ் வைத்தால் மருத்துவமனைக்குக் காட்டுங்கள்.

செல்வி எழுதியது:

ஐயா, அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. இன்று தலைப்பலகையின் பின்துணியைப் பிரித்தோம். ஐயா சொன்னதுதான். அங்கேதான் கூட்டமாக இருந்தன. பிளாஸ்டிக்கில் சுற்றிவிட்டோம், கணவர் உடைக்கிறார். ஹீட்டர் பேச்சையும் விட்டுவிட்டார்.

இரண்டு சந்தேகங்கள். என் கல்யாணப் பட்டுப்புடவைகள் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் இருக்கின்றன. அவற்றை வெந்நீரிலோ ஆவியிலோ காட்ட முடியாது. என்ன செய்வது? நாத்தனார் குடும்பத்தை வரச் சொல்லலாமா, வேண்டாமா? காவடி எடுப்பது அவர் மகன், விரதம் இருந்து வருகிறான். சொல்லவே நாக்கு எழவில்லை.

தங்கவேலு எழுதியது:

பட்டுக்குக் குளிர்தான் வழி. புடவைகளைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, பெரிய ஃப்ரீசரில் வையுங்கள். மைனஸ் 18 பாகையில் முழுதாக நான்கு நாள். ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் அந்தக் குளிர் வருகிறதா என்று வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், மின்வெட்டு வந்தால் அந்த நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டில் ஈரம் கோக்கும். பெட்டியின் மூலைகளை ஆவியில் காட்டுங்கள்.

நாத்தனாரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், மகளே. தெரியாமல் வந்து, பையில் கொண்டுபோய் ஸ்டாங்கரில் அவர் வீட்டில் இறங்கினால் அது பெரிய துயரம். சொன்னால் அவர் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார், நினைத்தாலும் சொல்லத்தான் வேண்டும். இரண்டாம் சுற்று முடிந்து கிண்ணங்கள் காலியாக இருந்தால் வரட்டும். பைகளைத் தரையில் வைக்காமல், கட்டிய பிளாஸ்டிக் பையில் போட்டுச் சமையலறையில் மேசைமேல் வைக்கட்டும். பாய்களைச் சுவரிலிருந்து தள்ளி விரியுங்கள். கோரைப்பாயின் ஓரத் துணிக்குள்ளும் இவை ஒளியும், விரிக்கும் முன் ஆவி காட்டிக் காயவைத்துவிடுங்கள். கிண்ணத்தில் ஒன்று விழுந்திருந்தாலும் இந்த ஆண்டு அவர்கள் கோயிலுக்கு அருகில் வேறு உறவினர் வீட்டில் தங்கட்டும், சாப்பாட்டை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வீட்டுக்காரரிடமும் பேசுங்கள். உங்கள் சுவரும் அவர் சுவரும் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கத்து அறையையும் அதே நாளில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து திரும்பி வரும். அவர் மறுபடி ஆள் வைப்பதாகச் சொன்னால், முதலில் பதிவுச் சான்றையும் மருந்தின் லேபிளையும் காட்டச் சொல்லுங்கள். ஆவி பிடிக்கும் நாளுக்கு முன்பே ப்ரீபெய்டு மீட்டரில் யூனிட் ஏற்றிவிடுங்கள். கருவி தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டே இருக்கும், மெத்தை நடுவில் மின்சாரம் நின்றால் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.